துடும்புக்கு ஒரு நாற்காலி

“பாய், முறுக்குங்க! சிக்னலைப் பாக்காதீங்க!”

“நான் பாக்கலைன்னாலும் கேமரா என்னையப் பாக்குமுங்க அம்மணி.”

மணி மூன்று நாற்பத்திரண்டு. சித்திரை மாதத்துக் கோடை மழை கணபதி ரோட்டைக் கழுவிக்கொண்டிருந்தது. அந்த மொபெட்டில் மூன்று பேர். ஓட்டியவர் நாகூர் மீரான். கோட்டைமேட்டில் கொட்டு செய்கிறவர், வயது ஐம்பத்தாறு. பின்னால் பத்மாவதி. துடியலூரில் ஒரு கிரைண்டர் பட்டறையில் கல்லுக்கு நம்பர் போடுகிறவர், வயது நாற்பத்திரண்டு. இருவருக்கும் நடுவில், ரெயின்கோட் மாட்டிக்கொண்டு, ஒரு துடும்பு. இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கிற பெரிய கொட்டு அது. மூவரில் நனையாதது துடும்பு மட்டும்தான்.

நாலு மணிக்குள் பீளமேடு போயாக வேண்டும்.

போன் அடித்தது. குழுவிலிருக்கும் ராசாத்தாள்.

“அக்கா, கோயில் கமிட்டிக்காரங்க ஆறு மணிக்கு லிஸ்ட்டு ஒட்டிப்போடுவாங்களாமா. நம்ம பேரு லிஸ்ட்டுல இல்லைன்னா புதன்கிழமை மாவிளக்கு ஊர்வலத்துக்கு வேற குழுவாமா. எங்க இருக்கறீங்க?”

“மழைக்குள்ள இருக்கறேன். வெய்யி போனை.”

விஷயம் இதுதான். பத்மாவதியும் இன்னும் பதினொரு பெண்களும் மூன்று வருடமாக, தினமும் வேலை முடிந்து வந்த பிறகு அடித்துப் பழகி, ஜமாப் என்கிற கொட்டுக் குழு ஒன்றை வைத்திருந்தார்கள். சொந்த ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு, முதல் தடவையாக இந்த வருடம்தான் அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் கோயில் கமிட்டி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. கொட்டுக் குழுக்களுக்கென்று இருக்கும் கூட்டமைப்பின் பட்டியலில் உள்ள குழுதான் அடிக்கலாம். அந்தக் கூட்டமைப்பு போன வாரம் பத்மாவதியின் துடும்பின் மேல் ஒரு வழக்குப் போட்டிருந்தது.

குழுவின் மேல் அல்ல. துடும்பின் மேல்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு மொபெட் நின்றது. ஒரு பம்ப்செட் ஷோரூமுக்கு மேல், முதல் மாடியில், பலகை தொங்கியது. ‘கொங்கு மண்டல அடிமேள மரபுக் காப்பு மற்றும் போட்டி ஒழுங்குமுறைக் கூட்டமைப்பு.’ பெயர் முடிவதற்குள் கட்டடம் முடிந்துவிட்டதால், கடைசி இரண்டு எழுத்துகள் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியின் சுவரில் இருந்தன.

மேலே குளுகுளு மன்றம். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் கிருபாசங்கர், கீழே இருக்கும் ஷோரூமின் முதலாளி. வலப்பக்கம் செயலாளர் வெங்கடபதி, ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் சூப்பரின்டெண்டாக இருந்து, ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்த முடியாதவர். இடப்பக்கம் தொழில்நுட்ப ஆலோசகர் ஜெரோம், காலேஜில் பௌதிகம் எடுப்பவர். அவர் முன்னால் ஒரு செல்போன் முக்காலியில் நின்றது. சுவரோரமாகப் பதினான்கு உறுப்பினர்கள் ஏசிக்குப் பயந்து துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள்.

மேஜைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. பத்மாவதி உட்காரப் போனார்.

“ஏனுங்க அம்மணி, அது பிரதிவாதிக்குங்க,” என்றார் வெங்கடபதி.

“நான்தானுங்களே?”

“நீங்க சாட்சிங்க. பிரதிவாதி துடும்பு.”

துடும்பு உட்கார்ந்தது. பத்மாவதி நின்றார். ‘டோக்கன் எண் 1’ என்று ஒரு சீட்டைத் துடும்பின் மேல் ஒட்டினார்கள்.

வெங்கடபதி தொண்டையைச் செருமினார். “புகார் என்னன்னா, போன ஞாயித்துக்கெழமை தகுதிச் சுத்துல மழை பேஞ்சுது. எல்லாக் குழுவோட கொட்டும் பொத்து பொத்துன்னுச்சு. முறைப்படி அப்பிடித்தான் இருக்கோணும். உங்க துடும்பு மட்டும் கணீர்னு அடிச்சிருக்குது. ஆக இது தோல் இல்லை, ஃபைபர்னு சந்தேகம்.”

“தோலுதானுங்க. பக்கத்து டீக்கடை அடுப்புல காட்டிக் காட்டி அடிச்சனுங்க. தோலுன்னா சூடு பண்ணித்தானுங்க அடிக்கோணும்?”

“டீக்கடை அடுப்பு மரபு அடுப்புங்களா?”

கேள்வி உறுப்பினர்களிடம் போயிற்று. ஓட்டெடுப்பு நடந்தது. ஏழுக்கு ஏழு. டீக்கடை அடுப்பின் நிலை அடுத்த பொதுக்குழுவுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இந்த ஏழுக்கு ஏழைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கூட்டமைப்பில் தோல் அணி என்று ஏழு பேர், ஃபைபர் அணி என்று ஏழு பேர். தோல்தான் மரபு என்பது முதல் அணி. மழையில் ஊர்வலம் நிற்காமல் போவதுதான் மரபு என்பது இரண்டாவது அணி. கூட்டமைப்பு தொடங்கி ஒன்பது வருடம். இரண்டாயிரம் வருட மரபைக் காக்கிற விதிப் புத்தகம் இதுவரை நாற்பத்தொரு தடவை திருத்தப்பட்டிருந்தது. முதல் வருடம் நட்டு போல்ட்டு வைத்த கொட்டுக்குத் தடை. இரண்டாம் வருடம் அனுமதி. மூன்றாம் வருடம் மறுபடி தடை. நாலாம் வருடம் போல்ட்டுக்கு அனுமதி, நட்டுக்குத் தடை. அந்த வருடம் மேடையிலேயே மூன்று கொட்டுகள் கழன்று விழுந்தன. ஐந்தாம் வருடம் பாலக்காட்டுச் செண்டைக்குத் தடை போட்டு, பிறகு அது மூன்று வருடம் இந்தப் பக்கம் குடியிருந்ததாக ரேஷன் கார்டு காட்டினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள். இரண்டு செண்டைகள் கார்டு வாங்கிவிட்டன. சர்க்கரை ஒழுங்காகக் கிடைக்கிறது என்று கேள்வி.

“படிவம் பதினேழு,” என்றார் வெங்கடபதி. “தோலுன்னு சொல்றீங்க. யாரோட தோலு?”

நாகூர் மீரான் முன்னால் வந்தார். “வெள்ளாடுங்க. உடுமலைச் சந்தையில வாங்குனது. நான்தான் பதம் பண்ணி மாட்டுனேன்.”

“பேரு?”

“நாகூர் மீரானுங்க.”

“உங்க பேரு இல்லீங்க. ஆட்டோட பேரு.”

மீரான் பத்மாவதியைப் பார்த்தார். பத்மாவதி மீரானைப் பார்த்தார்.

“ஆட்டுக்குப் பேரு வெக்கலீங்களே,” என்றார் மீரான்.

“பேரில்லாத ஆட்டுக்கு எப்பிடீங்க மரபு இருக்கும்? கட்டம் காலியா இருந்தா கோப்பு நகராதுங்க.”

மணி நாலு இருபது. “செவலை,” என்றார் பத்மாவதி பட்டென்று. “செவலைங்க பேரு.”

வெங்கடபதி முகம் மலர்ந்து எழுதினார். “தாயார் பேரு?”

“... பெரிய செவலை.”

“பிறந்த ஊரு? உடுமலையா, இல்லை மலைக்கு அக்கட்ட மறையூரா? அக்கட்டன்னா வேற மாநிலம். செண்டை கேஸ் மாதிரி ஆயிப்போகும்.”

“இக்கட்டதானுங்க.”

“அக்கட்ட மேயப் போயிருக்குமா?”

“போனாலும் பொழுதோட ஊட்டுக்கு வந்துருமுங்க,” என்றார் மீரான். “ஒழுக்கமான ஆடு.”

இந்த வாக்குமூலம் பதிவாயிற்று. ஆட்டின் மறைவுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்று தோல் அணி கேட்டது. அப்படியென்றால் ஃபைபருக்கும் ஒரு நிமிடம் வேண்டும் என்று ஃபைபர் அணி கேட்டது. சமரசமாக இரண்டு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். துடும்பு மட்டும் உட்கார்ந்திருந்தது.

மணி நாலு நாற்பது.

“விதி பதினாலு,” என்றார் தலைவர் கிருபாசங்கர். கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் பேசியது இப்போதுதான். “கொட்டை மன்றத்து முன்னால, முறைப்படி தீயில காட்டிச் சூடு பண்ணி அடிக்கோணும். தோலுன்னா சூட்டுக்குப் பேசும். கொண்டாங்க மரபு எரிபொருளை.”

அலமாரியைத் திறந்து காய்ந்த தென்னோலைக் கட்டு ஒன்றை எடுத்து வந்தார்கள். ஒவ்வொரு ஓலையும் லேமினேட் செய்யப்பட்டிருந்தது.

“ஏனுங்க, இதை எப்பிடீங்க எரிக்கறது?” என்றார் பத்மாவதி.

“பூச்சி அரிக்குதுன்னு போன வருசந்தான் லேமினேசன் போட்டோம். அம்பது வருசம் கேரண்டி. மரபைக் காப்பாத்தோணுமில்லீங்களா?”

“வெளியில போயிப் பத்த வெச்சுக்கலாமுங்க.”

“மன்றம் வெளியில வராதுங்க. மழை.”

அலுமினியத் தட்டில் ஓலையை வைத்துக் கொளுத்தினார்கள். தென்னோலை எரியவில்லை. லேமினேசன் எரிந்தது. கறுப்புப் புகை கூரைக்கு ஏறியது. கூரையில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு கண் விழித்தது. எங்கோ மணி அலறியது. அடுத்த விநாடி, தீயணைப்புக் குழாய்கள் எட்டும் திறந்துகொண்டன.

வெளியே கோடை மழை. உள்ளே தனி மழை. உறுப்பினர்கள் மேஜைக்கு அடியில் புகுந்தார்கள். வெங்கடபதி விதிப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். பத்மாவதி துடும்பின் மேல் பாய்ந்தார். ரெயின்கோட்டைத் தேடினார். அதைப் போட்டுக்கொண்டு நின்றவர் தலைவர்.

தண்ணீர் நின்றபோது துடும்பின் தோல் ஊறின அப்பளமாகத் தொங்கியது. பத்மாவதி விரலால் தட்டிப் பார்த்தார். சாக்கு மூட்டையைத் தட்டினது போல ஒரு சத்தம்.

ஜெரோம் செல்போனைத் துடைத்து எட்டிப் பார்த்தார். “மரபு அளவு நாலு சதவீதம். பாஸ் மார்க் எழுபது.”

“ஆனா நனைஞ்சா பொத்துன்னு அடிச்சாத்தானுங்க தோலுன்னு நீங்களே சொன்னீங்க!”

“அது தகுதிச் சுத்துல. இது விசாரணை. விசாரணையில கணீர்னு இருக்கோணும்.” வெங்கடபதி நனைந்த பக்கத்தைப் பிரித்தார். “விதி இருவத்திரண்டு. சத்தம் வராத கொட்டுக்கு இருவது நிமிசம் அவகாசம். அதுக்குள்ள வரலைன்னா குழு பட்டியல்லிருந்து நீக்கம். அஞ்சு வருசத்துக்கு.”

“தீயில காட்டி உலத்தறேனுங்க.”

“இனிமே இங்க தீ கூடாதுங்க. பாத்தீங்கல்ல என்ன ஆச்சுன்னு?”

“ஹேர் டிரையரு?”

“கரண்டுக் காத்து மரபு இல்லீங்க.”

“வெயிலு?”

வெங்கடபதி யோசித்தார். “வெயிலுக்குத் தடையில்லீங்க. வெயில் வரலைன்னா அது உங்க பொறுப்பு.”

ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது. பத்மாவதி துடும்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். பின்னாலேயே மீரான். மணி நாலு ஐம்பத்தைந்து.

கீழே அந்த இருபது நிமிடம் இருக்கட்டும். மேலே நடந்ததைப் பார்ப்போம்.

மேலே போண்டா வந்தது. போண்டாவுக்குத் தேங்காய்ச் சட்னிதான் மரபு என்று ஒரு சின்னக் கைகலப்பு ஆகி அடங்கியது. பிறகு தோலா ஃபைபரா என்ற கேள்விக்கு ஒரேயடியாக முடிவு கட்டத் தலைவர் எழுந்தார். ரெயின்கோட்டைக் கழற்றவில்லை.

“ஒறவுகளே! எனக்கும் இந்த மரபுக்கும் என்ன சம்பந்தம்னு சில பேரு கேக்கறாங்க. எம் பையன் கல்யாணத்துக்கு டிஜே வெச்சவன்தான் நானு. மறைக்கலை. ஆனா அந்த டிஜே பொட்டிக்கு மாவிலை கட்டுனேனா இல்லையா?”

“கட்டுனீங்க!” என்றது தோல் அணி.

“மாவிலை பிளாஸ்டிக்கு!” என்றது ஃபைபர் அணி, பெருமையோடு.

“கொட்டுச் சத்தம் எனக்கு ஒத்துக்காதுங்க. தலை சுத்தும். டாக்டரு கேக்கவே கூடாதுன்னுபோட்டாரு. வேற ஆளா இருந்தா பதவியை விட்டுப்போட்டுப் போயிருப்பான். நான் போனேனா? ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சுக்கிட்டு ஒம்பது வருசமா தலைமை தாங்கறேன். இதுவரைக்கும் ஒரு கொட்டைக் கூட நான் காது குடுத்துக் கேட்டதில்லை. அதனாலதான் யாருக்கும் பாரபட்சம் பாக்காம பரிசு குடுக்க முடியுது!”

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்து ஜெரோம். “என்னோட ஆப்புல மரபு அளவு எப்பிடி வருதுன்னு நிறையப் பேர் கேக்கறாங்க. அது எனக்கும் தெரியாதுங்க. அது அறிவியல். போன மாசம் சோதனைக்குன்னு ஊட்டுல மிக்ஸியை வெச்சுப் பாத்தேன். எம்பத்திரண்டு வந்துச்சு. மிக்ஸி எங்க மாமியார் ஊட்டுச் சீருங்க. இருவது வருசப் பழசு. பாருங்க, எவ்வளவு துல்லியம்!”

கடைசியாக வெங்கடபதி. “எனக்குத் தோலும் ஒண்ணுதான், ஃபைபரும் ஒண்ணுதானுங்க. கோப்புல என்ன இருக்குதோ அதுதான் கொட்டு. கோப்பு இல்லாத கொட்டை நான் கொட்டுன்னே ஒத்துக்கறதில்லை.”

ஓட்டெடுப்பு. ஏழுக்கு ஏழு.

மணி ஐந்து பதினைந்து. படியில் காலடிச் சத்தம். பத்மாவதி வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இடுப்பில் துடும்பு. அதன் முகம் முழுக்க மஞ்சள் குழைத்துப் பூசி, நடுவில் மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தது. பின்னால் மீரான், இரண்டு கையும் மஞ்சளாக.

“வெயில் வந்துச்சுங்களா?” என்றார் வெங்கடபதி.

“அடிச்சுப் பாக்கறீங்களா?” என்றார் பத்மாவதி.

வெங்கடபதி எழுந்து வந்து, சுட்டுவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டப் போனார்.

“ஏனுங்க!” தலைவர் மேஜையைத் தட்டினார். “மஞ்சள் பூசினதுல நகம் வெக்கறதா? நோம்பி மாசம்! உங்களுக்கு அம்மன்மேல பயமில்லீங்களா?”

நகம் பின்வாங்கியது. பத்மாவதி குச்சியை ஓங்கினார்.

மன்றத்தின் ஜன்னல்கள் அதிர்ந்தன. தட்டிலிருந்த போண்டா ஒன்று உருண்டு கீழே விழுந்தது. பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியில் யாரோ அலறினார்கள், அது வேறு காரணமாகவும் இருக்கலாம். மூன்று நிமிடம் அடித்து நிறுத்தினார். ஜெரோமின் செல்போனில் தொண்ணூற்றொன்பது. அதற்கு மேல் அதில் எண் இல்லை.

முதலில் அழுதவர் தோல் அணியின் மூத்த உறுப்பினர். “இதுதானுங்க தோலு! ஃபைபர்ல வருமா இந்த உசுரு? செவலை கத்தறது எனக்கே கேட்டுச்சுங்க!”

ஃபைபர் அணியும் தலை குனிந்தது. “ஒத்துக்கறமுங்க. ஃபைபர் இந்த அளவுக்கு வராதுங்க.”

கூட்டமைப்பின் சரித்திரத்தில் முதல் முறையாகப் பதினான்குக்குப் பூஜ்யம்.

தலைவர் ரெயின்கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தார். காதுகளில் பஞ்சு வெள்ளையாகத் தெரிந்தது. “உடுமலைப் பக்கம் எங்க மாமன் தோட்டத்துல செவலைன்னு ஒரு ஆடு இருந்துச்சுங்க. அதேதான் இது. சத்தத்தை வெச்சே கண்டுபுடிச்சுப்போட்டேன். தீர்மானம் எழுதுங்க. இந்தத் துடும்பு தூய தோல். இனிமே எல்லாக் கொட்டுக்கும் இதுதான் அளவுகோல்.”

பத்மாவதிக்குக் கண் கலங்கியது. “அப்ப எங்க பேரு லிஸ்ட்டுல வந்துருமுங்களா?”

“வந்தாச்சு அம்மணி. துடும்பை அங்க வெச்சுப்போட்டுப் போங்க.”

“எங்கீங்க?”

தலைவர் காட்டிய மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒன்பது வருடமாக உள்ளே எதுவும் இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“விதி மூணு,” என்றார் வெங்கடபதி. “அளவுகோலை யாரும் தொடக் கூடாது. அடிச்சா தேஞ்சுபோகும். தேஞ்சா மரபு கொறையும்.”

“புதன்கிழமை நான் அடிக்கோணுமுங்களே?”

“தாராளமா அடிங்க. இதை அடிக்காதீங்க.”

மணி ஐந்து முப்பத்தாறு. மீரான் பத்மாவதியைப் பார்த்தார். பத்மாவதி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

“சரிங்க,” என்றார். “கோயில் கமிட்டிக்கு லெட்டரு மட்டும் சீல் வெச்சு இப்பவே குடுத்துருங்க.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்ட ஒரு பிரதிவாதித் தரப்பை வெங்கடபதி முப்பத்தைந்து வருட சர்வீசில் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் சீலை இரண்டு தடவை குத்தினார். ஐந்து நாற்பத்தெட்டுக்குக் கடிதத்தின் போட்டோ ராசாத்தாளின் போனுக்குப் போயிற்று. ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கோயில் சுவரில் பன்னிரண்டு பெண்களின் குழுவின் பெயர் ஒட்டப்பட்டது. துடும்பு கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியது. சந்தன மாலை போட்டார்கள். வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று அன்றைக்கே நாற்பத்திரண்டாவது திருத்தம் நிறைவேறியது.

புதன்கிழமை காலை எட்டு மணி. துடியலூரில் சுள்ளென்று வெயில். கோயிலுக்கு முன்னால் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, பன்னிரண்டு பெண்களும் கொட்டுகளைத் திருப்பித் திருப்பி அனலில் காட்டினார்கள். பத்மாவதியின் இடுப்பில் வேறு ஒரு துடும்பு. மீரானின் பட்டறையில் சும்மா கிடந்த பழைய கூடு அது. மாவிளக்குத் தட்டுகள் வரிசையாகக் கிளம்பின. முதல் அடி விழுந்தது.

ரோடே நின்றுவிட்டது. பஸ்ஸிலிருந்து தலைகள் நீண்டன. விளக்கு ஏந்திய அம்மணிகளின் கால்கள் தானாகத் தாளத்துக்கு மாறின. கோயில் கமிட்டித் தலைவர், அடுத்த வருடமும் இவர்கள்தான் என்று பக்கத்திலிருந்தவரிடம் கத்திச் சொன்னார்.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த வெங்கடபதி, கண்களை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பத்மாவதியின் பக்கத்தில் வந்து, வருத்தத்தோடு குனிந்தார்.

“நல்லாத்தான் இருக்குதுங்க அம்மணி. ஆனா நம்ம கண்ணாடிப் பொட்டித் துடும்போட உசுரு இதுல இல்லீங்க. ஃபைபருன்னா சத்தத்துலயே தெரிஞ்சுபோகுது. இன்னைக்கு நோம்பி, நான் கண்டுக்கலை.”

“ரொம்ப நன்றிங்க,” என்றார் பத்மாவதி, அடியை நிறுத்தாமல்.

அவர் நகர்ந்ததும் ராசாத்தாள் தன் கொட்டோடு ஒட்டி வந்தாள். “அக்கா, நானும் நாலு நாளாக் கேக்கறேன். அன்னைக்கு அந்த இருவது நிமிசம் கீழ என்னதான் பண்ணுனீங்க? அந்த மழையில வெயிலு எங்கிருந்து வந்துச்சு?”

“வெயிலாவது ஒண்ணாவது. பம்ப்செட் ஷோரூம்ல ஸ்பேனர் ஓசி வாங்குனோம். எதிர்த்த மளிகைக் கடையில மஞ்சப்பொடி வாங்குனோம். ஈரத் தோலைக் கழட்டிப் பைக்குள்ள சுருட்டிப்போட்டு, காலேஜ் பசங்களுக்குக் குடுக்கறதுக்குப் பாய் வண்டியில வெச்சிருந்த வேற ஒண்ணை மாட்டுனோம். இப்ப நான் அடிக்கறதுதான் அன்னைக்குக் கழட்டுன தோலு.”

ராசாத்தாளின் குச்சி அந்தரத்தில் நின்றது. “அப்ப கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கறது?”

“ஃபைபரு,” என்று சொல்லிவிட்டு, பத்மாவதி அடுத்த அடியை இறக்கினார்.